கனடாவுக்குத் தோடி, ஆஸ்திரேலியாவுக்குக் கல்யாணி

இருநூறு வருடமாக விலை சொல்ல முடியாமல் இருந்த கீர்த்தனைகளுக்கு 1988ஆம் வருடம் தென்கடல் கரும்புத் தீவின் சமபுலாவில் விலை போட்டுவிட்டார்கள். நியூஸிலாந்து என்றால் மோகனம், இருபது டாலர். ஆஸ்திரேலியா என்றால் கல்யாணி, நாற்பது. கனடா குளிர் தேசம், லேசான ராகம் தாங்காது, அதற்குத் தோடி. தோடியின் விலை மட்டும் காதோடு காதாகச் சொல்லப்படும். பேரம் கிடையாது. பேரமில்லாத சரக்கு எதுவோ அதில் சரக்கே இல்லை என்பது கடைத்தெருவில் வளர்ந்த எவனுக்கும் தெரியும். ஆனால் பக்தி என்று வந்தால் கடைக்காரனும் கல்லாப்பெட்டியைப் பூட்டுகிற கையோடு மூளையையும் பூட்டிவிட்டுத்தான் புறப்படுகிறான்.

பாட்டைக் கட்டியவர்கள் காவிரியின் அக்கரைக்குப் போகவே அலுத்துக்கொண்ட மனிதர்கள். அவர்கள் பாட்டு நம்மை வான்கூவருக்கு அனுப்பிவைக்குமாம்!

முந்தின வருடம் பட்டாளம் பார்லிமெண்டுக்குள் நுழைந்து ஆட்சியைப் பிடித்ததிலிருந்து, கரும்பு வெட்ட வந்த வம்சமான நம்மவர்களுக்கு நாட்டில் இரண்டே வேலை. ஒன்று, பாஸ்போர்ட் வாங்குவது. இரண்டு, வாங்கியதைப் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் மறைப்பது. கண் பட்டுவிடும். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். மச்சானுக்குத் தெரிந்தால் அவனும் மனுப் போட்டு நம் இடத்தைப் பிடித்துக்கொள்வான். ஆகவே விமானம் ஏறுகிற அன்றுதான் 'சும்மா கல்யாணத்துக்குப் போறோம்' என்று சொல்லிவிட்டுக் கட்டில், பீரோ, கம்பளி எல்லாவற்றோடும் போவார்கள்.

இந்த ரகசியந்தான் நாதசித்தர் சுவாமிகளின் மூலதனம்.

சுவாமிகள் பன்னிரண்டு வருடம் தஞ்சாவூரில் நாதத் தவம் செய்தவர் என்று நோட்டீஸ் சொன்னது. அதே பன்னிரண்டு வருடம் தர்மேந்திரா என்ற பெயரில் பக்கத்து ஊரான லாமியில் பெயிண்ட் விற்றவர் என்பதை அச்சடிக்க நோட்டீஸில் இடம் போதவில்லை போலிருக்கிறது. சனிக்கிழமை தோறும் வாடகை மண்டபத்தில் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடக்கூடாதென்று சர்க்கார் உத்தரவு இருந்ததால் கடவுளும் சனிக்கிழமைக்கு மாறிக்கொண்டார்.

கூட்டத்தில் முதலில் சுவாமிகள் தம் டேப்ரெக்கார்டரில் ஒரு கீர்த்தனை போடுவார். அது அசல். எந்தப் புண்ணியவான் பாடியதோ, கேட்டால் நெஞ்சு கரைந்துவிடும். பெரியவர்கள் அதை ஆழமான தமிழ் என்று நினைத்தார்கள். தமிழ் தெரியாத பிள்ளைகள் சமஸ்கிருதம் என்று நினைத்தார்கள். இரண்டு கட்சிக்கும் கண்ணீர் ஒன்றாகத்தான் வந்தது. பாட்டு தெலுங்கு.

அழுது முடித்ததும் வியாபாரம். ஒவ்வொருவரும் தனித்தனியாகத் திரைக்குப் பின்னால் போய், சிவப்புத் துணி சுற்றிய கேசட் வாங்கிக்கொள்ள வேண்டும். பூஜையறையைச் சாத்தி, பாஸ்போர்ட்டை மேலே வைத்து, சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்து ஓடவிட வேண்டும்.

"காதுல விழுந்த நாதம் காதோட போயிடும். காதுல விழாத நாதந்தான் கடல் தாண்டி விசா ஆபீஸ் வரைக்கும் போகும்" என்பார் சுவாமிகள்.

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்த யோகேந்திரா மாஸ்டர் எழுந்து விளக்கம் தருவார். "வைப்ரேஷன்! எல்லாம் வைப்ரேஷன்!" பௌதிகம் தலைகுனிந்து வெளியே போகும்.

கடைசி நிபந்தனை முக்கியமானது. வாங்கியதை யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் உன் விசா, கேட்டவனுக்குப் போய்விடும். எப்படி யுக்தி? நூறு பேர் மனுப் போட்டால் பத்துப் பேருக்கு எப்படியும் கிடைக்கும். அந்தப் பத்துப் பேர் ஏர்போர்ட்டிலிருந்து சுவாமிகளைப் புகழ்வார்கள். கிடைக்காத தொண்ணூறு பேர் மனுப் போட்டதையே மறைத்தவர்கள். எந்த வாயால் திட்டுவார்கள்?

சமபுலாவில் துணிக்கடை வைத்திருந்த சரோஜிடம் அவள் அண்ணன் சின்னப்பன் நவுவாவிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தார். வந்தவர் தண்ணீர் குடித்தார், விசிறிக்கொண்டார், சேலை விலையெல்லாம் விசாரித்தார்.

"இன்னா அண்ணே, கெரேகெரேயா?" என்றாள் சரோஜ். இந்த ஊரில் உறவுக்காரர் கை நீட்டினால் அதற்குப் பேர் அதுதான். கடன் என்று சொன்னால் மரியாதைக் குறைவு.

"நூறு டாலர் இருந்தா போதும் தங்கச்சி. கறவை மாடு மூணையும் வித்துட்டேன். நானூறு வந்துச்சு. அத கனடா மனுவுக்கும் டாக்டர் பரிசோதனைக்கும் வச்சிருந்தேன். மாசக் கடைசிக்குள்ள கட்டணும்."

"சரி, கட்டு. நூறு எதுக்கு?"

சின்னப்பன் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "சரணத்துக்கு."

விஷயம் மெல்ல வெளியே வந்தது. கனடா தோடி மூன்று பாகம். டாக்டர் பரிசோதனைக்குப் பல்லவி, இண்டர்வியூவுக்கு அனுபல்லவி, விசா முத்திரைக்குச் சரணம். முதல் இரண்டும் வாங்கியாயிற்று. சரணம் ஐநூறு டாலர்.

"மாட்டுப் பணத்த சாமிகிட்ட குடுத்துட்டு மனுவுக்கு இன்னா கட்டுவ?"

"சரணம் ஓடிச்சுன்னா மனுவே தேவையில்லன்னு சாமி சொல்லுது."

சரோஜ் எழுந்தாள். அவர் பையிலிருந்த பல்லவியை எடுத்துக் கடை டேப்ரெக்கார்டரில் போட்டுச் சத்தத்தை முழுக்கத் திருகினாள். ஸ்ஸ்ஸ்ஸ். கடைசி வரைக்கும் ஸ்ஸ்ஸ். கடலில் மழை பெய்கிற சத்தம்கூட இதைவிடச் சங்கீதமாக இருக்கும்.

"கேட்டியா அண்ணே? வெறும் நாடா."

சின்னப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. "பாவி! நீ கேட்டதாலதான் உள்ள இருந்தது போயிடுச்சு! இப்ப பல்லவிய திரும்ப வாங்கணும்!"

நம்பிக்கை என்பது இதுதான். ஓட்டையைக் காட்டினால், நீ பார்த்ததால்தான் ஓட்டை விழுந்தது என்று சொல்லும்.

அன்று மாலை சோறு வைக்க அரிசி டின்னில் கைவிட்ட சரோஜுக்கு உள்ளே ஒரு சிவப்புத் துணிப் பொட்டலம் தட்டுப்பட்டது. அவள் புருஷன் தேவேந்திராவைக் கூப்பிட்டாள். அவன் அரிசியைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான்.

"ஆஸ்திரேலியா" என்றான் மெதுவாக. "உனக்கும் சேத்துத்தான்."

"எனக்கும் சேத்துன்னா எனக்கு சொல்லிருக்கலாமே?"

"சொன்னா விசா உனக்கு மட்டும் போயிடும்னு..."

சரோஜ் அண்ணனிடம் வந்தாள். நூறு டாலர் தருவதாகச் சொன்னாள். ஒரே ஒரு நிபந்தனை. "என்கிட்ட ஒரு கேசட் இருக்குது. எந்த தேசத்துதுன்னு தெரியல. சாமி காதுல வச்சு சொல்லிடட்டும். சொல்லிட்டா ஐநூறும் அவருக்கு. சொல்லலன்னா மாட்டுப் பணம் மனுவுக்கு."

"அச்சா! சாமிக்கு அது ஒரு வேலையா?" என்றார் சின்னப்பன்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. அசல் கீர்த்தனை ஓடி முடிந்து எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நேரம். சின்னப்பன் கைக்குட்டையில் முடிந்த பணத்தோடு மேடைக்குப் போனார். பின்னாலேயே சரோஜ்.

"சாமி, உங்க டேப்புல சத்தம் இல்லாம ஓடுறது உங்களுக்குக் கேக்குமா?"

"ஞானிக்குப் பூஜ்யந்தாம்மா பூரணம்."

"வைப்ரேஷன்!" என்றார் மாஸ்டர்.

"வீட்டுல கேசட் கலந்துபோச்சு சாமி. இது கல்யாணியா தோடியான்னு தெரியல. தப்பான தேசத்துக்குப் போயிடப் போறோம்" என்று சிவப்புத் துணிப் பொட்டலம் ஒன்றை நீட்டினாள்.

சுவாமிகள் சிரித்தார். கூட்டத்துக்கு எதிரே ஒரு அற்புதம் இலவசமாகக் கிடைக்கிறது, யார் விடுவார்? தம் கையாலேயே கேசட்டைப் போட்டார். சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்தார். கண்ணை மூடிக் காதை வைத்தார். நாடா சுழன்றது. சுவாமிகள் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். தலை ஆடியது. ஒரு கண்ணிலிருந்து ஒரு சொட்டு நீர்கூட வந்தது. அந்தத் திறமைக்கு மட்டும் தனியாகக் காசு கொடுக்கலாம்.

"ஆஹா! தோடி! சுத்தமான தோடி! அனுபல்லவியில நிக்குது. கனடா!"

கூட்டம் கைகூப்பியது. சின்னப்பன் தங்கையை வெற்றியோடு பார்த்துக் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தார்.

சரோஜ் கை நீட்டிச் சத்தத்தைத் திருகினாள்.

'...பதினாறு டாலர், ஒரு காசு குறையாது' என்றது டேப்ரெக்கார்டர், சரோஜின் குரலில்.

'பத்துக்கு குடு பஹினி, என் தங்கச்சி இல்ல?' என்றது வேறொரு பெண் குரல்.

'பத்துக்கு முந்தானை மட்டுந்தான் வரும். மீதிய எலிக்கு வச்சுக்கட்டுமா?'

'சரி, பன்னெண்டு.'

'பதினாலு. ரவிக்கைத் துணி கிடையாது.'

மண்டபம் ஒரு கணம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. பிறகு பின்வரிசையில் ஒரு பெண் கத்தினாள்: "ஐயோ, அது நான்தான்! காலையில சரோஜ் கடையில பச்சைச் சேலை வாங்கினேனே!"

அவ்வளவுதான். சிரிப்பு கூரையைத் தூக்கியது.

"பேரத்துக்குள்ளேயும் தோடி உண்டு..." என்று சுவாமிகள் ஆரம்பித்தார்.

"உண்டு சாமி" என்றாள் சரோஜ். "ஆனா பேரத்துல சரக்கக் காட்டுவோம்." கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "அரிசி டின்னுல ஒன்னு எங்க வீட்டுல. என் புருஷன் வாங்கினது. ஆஸ்திரேலியா. இப்ப எல்லாருக்கும் சொல்லிட்டேன். விசா யாருக்குப் போகுதோ போகட்டும். வேற யார் வீட்டுல இருக்குது?"

முதலில் தேவேந்திரா நெளிந்து நெளிந்து கையைத் தூக்கினான். அப்புறம் முன்வரிசையில் ஒருவரின் கை. அப்புறம் அவர் தம்பியின் கை. அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். அப்புறம் மாமியார் ஒருத்தி, அவள் மருமகள் ஒருத்தி. கடைசியில் கையைத் தூக்காமல் இருந்தவர்களைத் தேடிப் பார்க்க வேண்டியதாயிற்று. யோகேந்திரா மாஸ்டரிடம் மூன்று தேசத்துக் கேசட்டும் இருந்தது.

சுவாமிகள் சமையற்கட்டு வழியாக நாதத்தில் கலந்துவிட்டார். அவசரத்தில் டேப்ரெக்கார்டரையும் அசல் கீர்த்தனையையும் விட்டுவிட்டுப் போனார். பணத்தை மறக்கவில்லை.

திங்கட்கிழமை சின்னப்பன் மாட்டுப் பணத்தை மனுவோடு கட்டினார். விசா கிடைக்குமோ கிடைக்காதோ, அது விசா ஆபீஸ் பாடு. பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் கொடுத்தது போனது போனதுதான்.

அந்த வாரம் முழுவதும் ஜனங்கள் வெற்றுக் கேசட்டோடு சரோஜ் கடைக்கு வந்தார்கள். அவள் அந்த அசல் கீர்த்தனையை ஒவ்வொன்றிலும் பதிந்து கொடுத்தாள். இப்போது சமபுலாவில் சாயங்காலம் நடந்து போனால் வீட்டுக்கு வீடு அது கேட்கும், சத்தமாக. கேட்கிறவர்கள் அழுகிறார்கள். யாருக்கும் விசா வரவில்லை. அதற்காகக் கட்டிய பாட்டு இல்லையே அது.

அரிசி டின்னையும் பூஜையறையையும் நம்புகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரனிடம் வாய் திறந்து 'நீயும் வாங்கினாயா?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நாதசித்தர் இன்றைக்கும் லாமியில் பெயிண்ட் விற்றுக்கொண்டிருப்பார். கேட்கவில்லை. ஆகவே நியூஸிலாந்து மோகனக் கேசட் ஒன்றுக்கு மட்டும், மிகக் குறைந்த விலைக்கு, கணக்கை முடித்துவிடுகிறேன்:

வெற்று நாடா, ஒரு டாலர் இருபது காசு. சிவப்புத் துணி, பத்துக் காசு. பாட்டு, இலவசம். யோசிக்காமல் இருந்ததற்குக் கூலி, பதினெட்டு டாலர் எழுபது காசு. ஆக மொத்தம் இருபது டாலர், ரொக்கமாகச் செலுத்தப்பட்டது. புத்தி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை, பாக்கி.