புரோட்டீன் பாரும் பத்திய ரசமும்

அன்று காலை என் சட்டையின் நடுப்பொத்தான் ராஜினாமா செய்தது. சும்மா போகவில்லை. தெறித்துப் போய் சுஜாதாவின் காபி டம்ளருக்குள் விழுந்தது. அவள் அதை ஸ்பூனால் எடுத்து, துடைத்து, என் உள்ளங்கையில் வைத்துவிட்டு மிச்சக் காபியைக் குடித்தாள். என் மனைவி திட்டினால் தாங்கிவிடுவேன். இப்படிப் பொத்தானைத் துடைத்துக் கொடுத்தால்தான் தாங்காது. என் வயிறு சாதாரண வயிறு இல்லை. எந்தப் பொத்தானும் அதனிடம் அதிக நாள் வேலை பார்த்ததில்லை.

அந்த நிமிடமே முடிவெடுத்தேன். இளைக்கப்போகிறேன்.

பொத்தான் மட்டும் காரணமில்லை. ஆவணியில் என் மச்சினன் வெங்கடேசனுக்குக் கல்யாணம், கனகம்மாசத்திரத்தில். மூன்றாவது முடிச்சு போடப்போவது அவன் அக்கா, அதாவது என் சுஜாதா. பக்கத்தில் நான் நிற்பேன். வீடியோ எடுப்பார்கள். அந்த சி.டி. ஆர்.கே.பேட்டையில் என் மாமனார் வகையறா முழுக்க வீடு வீடாகச் சுற்றும். போன வருஷம் ஒரு கல்யாண சி.டி. போட்டுப் பார்த்தபோது, டி.வி.யில் முதலில் என் வயிறு வந்தது, அதற்கப்புறம் நான் வந்தேன். சுஜாதாவின் பெரியம்மா ரத்தினம்மாள், "யாருடி இந்தப் பெரியவரு, நம்ம சுஜாதாவ ஒரசிகினு நிக்கிறாரு?" என்று கேட்டார். அப்போது நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். எனக்கு வயது நாற்பத்தொன்று.

வெங்கடேசன் மெட்ராஸில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். ஜிம்முக்குப் போகிறவன். பத்திரிகை வைக்க வந்தவனிடம் தனியாக என் கஷ்டத்தைச் சொன்னேன். அடுத்த வாரமே ஒரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே வரிசையாகப் பளபளவென்று பொட்டலங்கள்.

"பாவா, இது புரோட்டீன் பார். ராத்திரி சோத்துக்குப் பதிலா ஒன்னு. பதிலா, பாவா. சோத்துக்கு மேல இல்ல. புரிஞ்சுதா?"

"ஆங், ஆங்."

ஒன்றைப் பிரித்துக் கடித்தேன். ஆகா! கடலை மிட்டாய்க்குக் கோட்டு சூட்டு மாட்டியதுபோல இருந்தது. இதைத் தின்றால் இளைக்கலாம் என்றால் நான் ஊசியாகவே ஆகத் தயார்.

ஒரே ஒரு சிக்கல். எனக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் இனிப்புக்குத் தடை. நாங்களே ஆந்திரா எல்லையில் குடியிருக்கிறவர்கள், எல்லையில் நிற்பது ஒரு குற்றமா என்று கேட்டுப் பார்த்தேன். எடுபடவில்லை. பெட்டியை யூரியா மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்தேன். எங்கள் வீட்டில் முன்பக்கம் என் உரக்கடை, பின்பக்கம் குடித்தனம். ஒளிக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் சுஜாதாவுக்கு மூக்கு இருக்கிறது.

"இன்னாங்க அது?"

"மருந்து."

"மருந்துல சாக்லேட் வாசன வருது?"

"கசப்பு தெரியாம இருக்க மேல பூசியிருக்கான். உன் தம்பி வாங்கியாந்தான். கொழுப்பக் கரைக்கும்."

"வாய்க்கொழுப்பையுமா?"

"எல்லாக் கொழுப்பையும்."

"நிச்சயமா மருந்துதான? மிட்டாய் இல்லியே?"

"மலமேல இருக்கிறவன் சாட்சியா மருந்துடி!"

திருத்தணி மலைப்பக்கம் திரும்பி முருகனைக் கும்பிட்டும் வைத்தேன். "சரிங்க" என்று உள்ளே போய்விட்டாள். அவ்வளவு சுலபமாக அவள் எதையும் விட்டதில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மருந்தை வெறும் வயிற்றில் சாப்பிடக்கூடாது என்பது உலகத்துக்கே தெரியும். ஆகவே காலையில் இட்லி, வடகறியோடு வயிற்றுக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டு ஒரு பார். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று. சீக்கிரம் குணம் தெரியட்டும் என்று சாயங்காலம் ஒன்று. ராத்திரி வெங்கடேசன் சொன்னது ஞாபகம் வரும். அவன் சொன்னபடி ஒன்று. கூடவே சோறு.

கொஞ்ச நாள் கழித்துக் கடையில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் ஏறி நின்றேன். இரண்டு யூரியா மூட்டைக்குச் சற்றே குறைவாக இருந்தவன், இரண்டு மூட்டையை எட்டிப் பிடித்திருந்தேன். திரும்பினால் பின்னால் சுஜாதா, கையில் மோர்ச் சொம்போடு.

"மருந்து வேல செய்லியே?"

"மெதுவாத்தான் செய்யும்."

"செய்யாதுங்க. பத்தியம் இல்லாம எந்த மருந்து வேல செய்யும்?"

"பத்தியமா? பெட்டில அப்படி ஒன்னும் போடலியே!"

"இங்கிலீஷ் பெட்டில போடமாட்டான். நம்மதான் இருக்கணும். மருந்துன்னா பத்தியம் உண்டு. இல்ல, அது மருந்தே இல்ல, மிட்டாய்தான்னு சொல்லுங்க. அள்ளிக் குப்பைல போட்டுட்டு வுட்டுடறேன்."

மோர்ச் சொம்பை ஆட்டியபடி பதிலுக்குக் காத்திருந்தாள். நான் மலையைப் பார்த்தேன். மலை என்னைப் பார்த்தது.

"மருந்துதான்" என்றேன்.

அன்று மத்தியானம் இலையில் ரசம் சோறு. மிளகு ரசம். புளி கிடையாது, பத்தியத்துக்கு ஆகாது. எண்ணெய் கிடையாது. உப்பு, போட்டோமா இல்லையா என்று உப்புக்கே சந்தேகம் வருகிற அளவு. தொட்டுக்கொள்ளச் சுட்ட அப்பளம். மறுநாள் ஒரு மாறுதலுக்குச் சுரைக்காயை வேகவைத்துப் போட்டாள். அதைவிட ரசமே தேவலை. மருந்துப் பெட்டி பூஜை அலமாரிக்குப் போய்ப் பூட்டப்பட்டது. சாவி முந்தானையில். ராத்திரிக்கு ஒரு பார், ஒரு டம்ளர் வெந்நீர். அவ்வளவுதான்.

"ராத்திரி சோறு?"

"அதுக்குப் பதிலாதான இது? தம்பிக்கு போன் போட்டுக் கேட்டேன்."

"அவன் இது மருந்துன்னு சொன்னானா?"

"அத எதுக்கு அவனப் போயி கேக்கணும்? நீங்கதான் சத்தியமே பண்ணியிருக்கீங்களே!"

அவளுக்குத் தெரியுமா தெரியாதா? இந்தக் கேள்வியே என்னை அரைக் கிலோ இளைக்க வைத்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓட்டலுக்குள் நுழைந்து பூரி கேட்டால், கல்லாவில் இருந்த வீரபத்திரன், "அண்ணி சொல்லிட்டுப் போயிருக்காங்க, நீங்க பத்தியமாமே" என்று வெந்நீர் கொடுத்தார். திருத்தணியில் எனக்கு யாரும் கடன் கொடுக்காமல் இருந்திருக்கிறார்கள். பூரி கொடுக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இளைத்தேன். நிஜமாகவே இளைத்தேன். பாரில் குற்றமில்லை, அதற்கு முன்னும் பின்னும் நான் தின்றதில்தான் குற்றம் என்று விளங்கியது. பீரோ மூலையில் கிடந்த பழைய சட்டைகள் வெளியே வந்தன. கண்ணாடியில் பார்த்தால் எனக்குக் கழுத்து என்று ஒன்று இருந்தது! சுருட்டை முடியை முன்னால் கொஞ்சம் இழுத்துவிட்டுச் சீவினேன். அசல் மாப்பிள்ளைக் களை. வீடியோக்காரன் வெங்கடேசனை விட்டுவிட்டு என்னை எடுத்துவிடப் போகிறானே என்று மனசுக்குள் பூரித்துப்போனேன். அவ்வளவு சந்தோஷம்.

பக்கத்து வீட்டுப் பூவம்மாள் பூ கொடுக்க வந்தவள் என்னைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணா! நல்லா எளச்சிட்டீங்கண்ணா! சுஜாதாக்கா வேண்டுதல் பலிச்சிடுச்சு. எப்பண்ணா மொட்ட?"

"யாருக்கு மொட்ட?"

"உங்களுக்குத்தான்."

சீப்போடு சமையலறைக்கு ஓடினேன்.

"என்னடி வேண்டிகின?"

"பத்து கிலோ கொறஞ்சா முடி குடுக்கிறதா நேர்ந்துகினேன்."

"யார் முடிய?"

"உங்க முடியத்தான். உங்க உடம்பு கொறையறதுக்கு என் முடியவா குடுப்பாங்க?"

"என்ன ஒரு வார்த்த கேக்க வேணாவா?"

"கொழந்தைக்கு மொட்ட போடறதா வேண்டிக்கிறவங்க கொழந்தையக் கேட்டுகினா வேண்டிக்கிறாங்க?"

"கல்யாணம் முடிஞ்சி போட்டுக்கலாம்டி!"

"பலிச்ச உடனே குடுக்கிறதாச் சொல்லிட்டேன். முருகன் கிட்டியே தவண கேக்கிறதா?"

"வீடியோல மொட்டத் தலையோட நிக்கச் சொல்றியா?"

"தலைக்குத் தலப்பா கட்டிடலாம். வயித்துக்கு எதக் கட்றது?"

சீப்பைத் தலையில் செருகிக்கொண்டு யோசித்தேன். அவள் வேண்டுதலில் ஒரு ஓட்டை இருந்தது. பத்து கிலோ! தராசு சொன்னால்தான் பத்து. ஞாயிற்றுக்கிழமை அவள் முன்னால் தராசில் நின்று காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. சனிக்கிழமையே யாருக்கும் தெரியாமல் ஏறிப் பார்த்தேன். ஏற்கெனவே பத்தைத் தாண்டியிருந்தது.

என் மூளையும் இளைத்துப் போயிருக்கும் என்று அவள் நினைத்திருக்கலாம். இல்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதை நிறுக்க வைத்திருந்த இரண்டு கிலோ இரும்பு எடைக்கற்களில் இரண்டைப் பட்டாப்பட்டி டிராயரின் பைகளில் போட்டேன். மேலே வேட்டி. நடந்தால் டங் டங் என்றது. கர்ப்பிணிபோல மெதுவாக நடந்து போய்த் தராசில் ஏறினேன்.

"ஆறுதாங்க கொறஞ்சிருக்கு" என்றாள் சுஜாதா.

"த்சொ! ஆறுதானா?" என்று முகத்தைத் தொங்கப் போட்டேன்.

என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். "பத்தியம் பத்தல. அப்பளத்த நிறுத்திடலாம்."

அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் இளைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து கிலோ கல்லையும் சேர்த்து இடுப்பில் கட்ட வேண்டியதாயிற்று. "ஒன்னும் கொறையலியே" என்று அவள் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்தாள். நான் இளைக்க இளைக்கக் கல் கூடியது. கல் கூடக்கூடச் சோறு குறைந்தது. சோறு குறையக் குறைய நான் இளைத்தேன். இது எங்கே போய் முடியும் என்று எனக்கே தெரியவில்லை. வேட்டி அவிழாமல் இருந்தால் போதும் என்று இருந்தது.

கல்யாணம் நெருங்கியது. திங்கட்கிழமை பந்தக்கால். பந்தக்கால் நட்டுவிட்டால் கல்யாணம் முடிகிறவரை எங்கள் பக்கம் யார் வீட்டிலும் கவுச்சி கிடையாது. அதனால் அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டில் மாப்பிள்ளைக்குக் கறிச்சோறு. வெங்கடேசன் வந்தான். ரத்தினம்மாளும் வந்தார். அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்தது. பட்டை, கிராம்பு, வறுத்த தேங்காய் எல்லாமாகச் சேர்ந்து வாசனை கடைவரைக்கும் வந்து என் கையைப் பிடித்து இழுத்தது.

"ஏங்க, கறி வேகறதுக்குள்ள எடையப் பாத்துடலாம்" என்றாள் சுஜாதா.

கற்களோடு ஏறினேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"எட்டு. இன்னும் ரெண்டு கொறையணும். மருந்து நடக்கிறப்ப கறி கூடாது. உங்களுக்கு ரசம் வெச்சிருக்கேன்."

"ஒரே ஒரு துண்டுடி!"

"கொறையலியேங்க. நான் இன்னா பண்றது?"

அந்த நேரம் பார்த்து உள்ளே குழம்பு தளதளவென்று கொதித்து மணந்தது. எனக்குள் ஏதோ அறுந்தது. சுருட்டை முடி, வீடியோ, மாப்பிள்ளைக் களை எல்லாம் பறந்துவிட்டன. டிராயர்ப் பையில் கைவிட்டு ஒரு கல்லை எடுத்துக் கல்லாமேல் வைத்தேன். டங்! இன்னொன்று. டங்! இடுப்பிலிருந்து பெரியதை அவிழ்த்தேன். டமார்!

"கொறஞ்சிடுச்சுடி! பாரு! பத்து இல்ல, பதினேழு! நல்லாப் பாரு!"

ரத்தினம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெங்கடேசன் சிரித்துச் சிரித்து டி.ஏ.பி. உர மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். சுஜாதா மட்டும் சிரிக்கவில்லை. தராசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண்ணில் நீர் தளும்ப மலைப்பக்கம் கும்பிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்து வெகு நாளாகிறது. சர்க்கரை என்று டாக்டர் சொன்னதில் அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு எட்டியது.

"வேண்டுதல முடிச்சிட்டு வந்துடுங்க. அப்புறம் சாப்டலாம்" என்றாள் மெதுவாக.

"நீயும் வாடி."

"கவுச்சி ஆக்கின கையோட மல ஏறலாமாங்க? நீங்க ஆட்டோல போயிட்டு வாங்க. தம்பி, நீ போவாத. நீ சாப்புடணும்."

அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் விழுந்தது. பசியில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

மலையில் முதல் கொத்து முடி மடியில் விழுந்தபோது அதை எடுத்து ஒருமுறை தடவிப் பார்த்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியதும், மேல்காற்று ஜில்லென்று அடித்ததும், மனசு பஞ்சாகிவிட்டது. கும்பிட்டு முடித்துப் படியில் இறங்கினேன். மூச்சு வாங்கவில்லை! வயிறு முன்னால் போய் வழிகாட்டவில்லை! முடி என்ன முடி, அது வளர்ந்துவிடும். கீழே எனக்காகக் கறிச்சோறு காத்திருக்கிறது. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

வீட்டில் இலை போட்டிருந்தார்கள். வெங்கடேசன் நல்லி எலும்பு ஒன்றை உறிஞ்சிக்கொண்டிருந்தான். நான் கையைக் கழுவிக்கொண்டு ஓடிப்போய் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்து, "நல்லாக் கொழம்பு ஊத்துடி" என்றேன்.

சுஜாதா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மலைக்குப் போயி முடி குடுத்துட்டு வந்த அன்னிக்கே கவுச்சியா? நாளைக்குப் பந்தக்கால் வேற. பேசாம ரசத்த ஊத்திக்குங்க, கல்யாணம் முடியட்டும் பாக்கலாம்."