சாயம் போகாத முட்டைகள்

கூடையில் ஒரே ஒரு முட்டை பாக்கி இருந்தபோதுதான் சிட்டிபாபுவுக்குப் பயம் வந்தது. தவிட்டுக்குள் தனியாகக் கிடந்த அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றை மட்டும் மிச்சம் வைத்தால் மற்றதெல்லாம் எங்கே என்று கேள்வி வரும். அதையும் உடைத்து வாணலியில் ஊற்றிவிட்டார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, பிறவி அப்படி. செய் என்றால் செய்யமாட்டார், செய்யாதே என்றால் அதைத்தான் முதலில் செய்வார். அந்தத் தொண்ணூற்றேழாம் வருஷம் டைபாய்டு வந்து படுத்து எழுந்தவரை, தினம் ஒரு முட்டை சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். மனைவி கிருஷ்ணவேணி அவித்துக் கொடுத்தாள், பொரித்துக் கொடுத்தாள், பாலில் அடித்தும் கொடுத்தாள்.

"முட்டைன்னாலே கொமட்டுது வேணி, எடுத்துக்கினு போ" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணலாம் என்கிற நிலைமை. பாவம், அவள் அழுதுகூடப் பார்த்தாள்.

பிறகு அக்கா மகளின் வளைகாப்புக்காகக் கிருஷ்ணவேணி திருமுக்கூடல் புறப்பட்டாள். போகும்போது தவிட்டுக் கூடையைக் காட்டினாள்.

"இது அடை வெக்கறதுக்கு எடுத்து வெச்சது. எங்கம்மா குடுத்த கோழியோடது. அம்மாவும் போயிட்டாங்க, கோழிக்கும் வயசாயிடுச்சி. இனிமே முட்டை வெக்குமோ வெக்காதோ. நான் வந்து குஞ்சு பொரிக்க வெக்கணும். தொடமாட்டேன்னு காமாட்சி மேல சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் பண்ணினார். அவள் ஏறிய பஸ் ஊர் எல்லையைத் தாண்டியிருக்காது, அவருக்கு ஆம்லெட் வாசனை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. வாழ்நாளில் முட்டை அத்தனை ருசியாக இருந்ததில்லை. பக்கத்து வீட்டு லில்லி வேறு, அவளும் கோழி வளர்ப்பவள், காலையில் மதிலுக்கு மேல் தலையை நீட்டுவாள்.

"இன்னாண்ணா, வாசனை தூக்குது?"

"வெங்காயம்மா. வெறும் வெங்காயம் வதக்கறேன்."

"வதக்குங்க, வதக்குங்க" என்று தலை மறைந்துவிடும்.

இப்படியாகக் கூடை காலியான அன்று மத்தியானம் ஜாஃபர் பாய் கூப்பிட்டு அனுப்பினார். அந்தத் தெருவுக்கே ஒரே போன் அவருடைய மளிகைக் கடையில்தான் இருந்தது. எல்லார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலும் அவர் நம்பரைப் போட்டு, கூப்பிட்டுத் தருகிற அக்கம்பக்கத்து போன் என்பதற்கு அடையாளமாகப் பி.பி. என்று அச்சடித்திருப்பார்கள். யார் வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் முதலில் தெரிவது பாய்க்குத்தான்.

"வூட்டம்மா போன் பண்ணாங்கபா. சாயங்கால பஸ்ல வராங்களாம். வந்தவொடனே முட்டைய சோதிச்சிட்டு அடை வெச்சிடணுமாம்."

சிட்டிபாபு கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பாய், முட்டை குடு."

"வூட்ல கோழிய வெச்சிக்கினு கடை முட்டையா?"

"ஒடம்புக்குபா. டாக்டர் சொல்லிக்கிறாரு."

டாக்டர் பேச்சை அவர் வாயால் எடுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பிரித்தால் முட்டைகள் சுண்ணாம்படித்த சுவர் நிறத்தில் இருந்தன. அவர் தின்றதெல்லாம் இளம் பழுப்பு. வேறு யாராவது என்றால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார்கள். ஆனால் சிட்டிபாபு யார்? பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர். அப்போதெல்லாம் சாயத்தண்ணீர் தெரு வாய்க்காலில்தான் ஓடும். வாய்க்காலில் அரக்கு ஓடினால் முகூர்த்த மாசம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு பூவிதழைக் கொண்டுவந்து காட்டினால் போதும், அதே நிறத்தில் நூலை நனைத்துத் தருவார். புடவை கிழிந்தாலும் கிழியும், சிட்டிபாபு போட்ட சாயம் போகாது என்று அந்த வட்டாரத்திலேயே பேச்சு.

முதல் முட்டை மாம்பழ நிறத்தில் வந்தது. இரண்டாவது நல்ல அரக்கு, தாம்பூலத் தட்டில் வைக்கலாம், கோழிக்கு அடியில் வைக்க முடியாது. இரண்டையும் பரண் மேல் ஒளித்தார். கடைசியில் டீத்தூள் டிகாஷன்தான் சரியான நிறம் என்று பிடிபட்டது. ஆனால் ஆறிய டிகாஷனில் எவ்வளவு நேரம் ஊறப்போட்டாலும் முட்டையில் ஒட்டவில்லை.

பட்டோ பருத்தியோ, சூடு ஏறினால்தான் சாயம் ஏறும். அப்பா சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. அடுப்பைப் பெரிதாக எரியவிட்டு, டிகாஷன் தளதளவென்று கொதிக்கக் கொதிக்க, நூலைத் திருப்புவதுபோல் முட்டைகளைத் திருப்பித் திருப்பி விட்டார். எடுத்தபோது கோழியே தன்னுடையது என்று கோர்ட்டில் சாட்சி சொல்லும், அப்படி ஒரு நிறம். வெயில் படாமல் நிழலில் உலர்த்தினார்.

உலர்ந்ததைக் கூடையில் அடுக்கும்போது ஒன்று கை நழுவித் தரையில் விழுந்தது. விழுந்தது விரிசல் விட்டது. ஆனால் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

சிட்டிபாபு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷத் தொழிலில் அவர் சாயம் ஏற்றிய எதுவும் வெந்து போனதில்லை.

வேறு வாங்கி வரலாம் என்றால் வாசலில் கிருஷ்ணவேணியின் குரல் கேட்டது. விழுந்த முட்டையைத் தோலுரித்து அப்படியே வாயில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.

"இன்னா, பேசமாட்டேங்கறீங்க?"

விழுங்கி முடிக்கும் வரை தலையை ஆட்டினார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"கன்னம் கொஞ்சம் தேறிக்குதே."

"காத்து நல்லா அடிச்சிதும்மா."

பையை வைத்தாள், குண்டானில் தண்ணீர் பிடித்தாள், தவிட்டுக் கூடையை எடுத்து வந்து முற்றத்தில் உட்கார்ந்தாள். இன்றைக்கு அட்டைப்பெட்டியிலேயே தேதி அச்சடித்து வருகிறது. அன்றைக்கு முட்டையைச் சோதிப்பது என்றால் ஒரு பூஜைபோல அதற்கென்று உட்கார்ந்து செய்வார்கள்.

"நல்லதுன்னா படுத்துக்கும், பழசுன்னா நிக்கும், கெட்டதுன்னா மெதக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக விட்டாள். எல்லாம் அடியில் போய்ச் சமர்த்தாகப் படுத்துக்கொண்டன. சிட்டிபாபுவின் கண் முட்டை மேல் இல்லை, தண்ணீர் மேல் இருந்தது. சொட்டு நிறம் பிரியவில்லை. அந்த நடுக்கத்திலும் அவருக்கு ஒரு சந்தோஷம், அதை மறைக்கவே கஷ்டப்பட்டார்.

"எல்லாம் ஒரே கொப்பரையில முக்கி எடுத்தாப்புல ஒரே நெறமா இருக்குதுங்க."

"ஒரே கோழி இல்லியா?"

காதோரம் வைத்து ஆட்டினாள். "உள்ள கொஞ்சம்கூட ஆடல. ரொம்ப புதுசு." டார்ச் அடித்துப் பார்த்தாள். "வெளிச்சமே உள்ள போவல. கரு நல்லா கெட்டியா இருக்குது போல." திண்டாட்டமெல்லாம் சிட்டிபாபுவுக்குத்தான். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

முறத்தில் வைக்கோல் பரப்பினாள். இடி இடித்தால் கெடாமலிருக்க ஓர் இரும்பாணியும் காய்ந்த மிளகாயும் வைத்தாள். மூலையில் அந்தக் கிழட்டுக் கோழி இறக்கையைச் சிலிர்த்துக்கொண்டு தயாராக நின்றது. கிருஷ்ணவேணி அதைத் தடவிக்கொடுத்து, "வா, எங்கம்மா பேரு சொல்லணும் நீ" என்றாள்.

தின்றதுகூடப் போகட்டும். இரை தண்ணி மறந்து, வெந்த முட்டை மேல் அந்தப் பிராணி நம்பிக்கையோடு உட்காரப்போகிறதே என்று நினைத்தபோது சிட்டிபாபுவுக்குத் தாங்கவில்லை.

"வேணி, வேணாம். இந்த முட்டை கெட்டுப்போச்சி."

"தண்ணியில முழுகிச்சி, உள்ள ஆடல, எப்பிடி கெட்டுச்சின்றீங்க?"

"நாத்தம் வருது பாரு."

அவள் மோந்து பார்த்தாள். "டீ வாசனைதான் வருது. சரி, ஒண்ண ஒடச்சிப் பாத்துடலாமா?"

"ஒடைக்காத" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கோழிக் கூண்டு ஓரமாகத் தரையிலேயே உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நான்தான் துன்னுட்டேன். எல்லாத்தையும். இது கடை முட்டை, சாயம் போட்டேன், வெந்துபூடுச்சி. உன்ன ஏமாத்துனது பரவாயில்ல, நீ திட்டிடுவ. அந்த வாயில்லாத ஜீவனை ஏமாத்த முடியல வேணி. உங்கம்மா கோழியாச்சே."

கிருஷ்ணவேணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். அழுகிறாள் என்று நினைத்துச் சிட்டிபாபு தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

அப்போது கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு லில்லி வந்தாள். இடுப்பில் துணி மூடிய ஒரு கூடை. கூண்டு ஓரம் உட்கார்ந்திருந்தவரை அவள் கவனிக்கவில்லை.

"இந்தாக்கா, நீ குடுத்து வெச்ச உங்கம்மா கோழி முட்டை, பத்திரமா இருக்குது; ஆமா, வேணாம்னு சொன்னாத்தான் அண்ணன் சாப்பிடுவாருன்னு எங்க வூட்டு முட்டைய தவிட்டுல வெச்சிட்டுப் போனியே, துன்னாரா?"