வாளியில் குளிக்கத் தெரியாத ஹோட்டல்

நல்லது செய்யுங்கள் என்று கூட்டம் போட்டுச் சொல்பவர்கள், யாராவது உண்மையிலேயே செய்துவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பதில்லை. இது தெரியாமல்தான் நான் வேலையைத் தொலைத்தேன்.

எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு வேலை. தற்காலிக ஒப்பந்தம், அதுவும் மாத முடிவோடு சரி. ஒருநாள் முதலாளி எங்களைக் கூட்டி, பிளாஸ்டிக் போத்தலில் தண்ணீர் குடித்துக் குடித்துப் பூமியைக் காப்பது பற்றிப் பேசினார். தண்ணீரை மிச்சப்படுத்த நல்ல வழி காட்டுபவருக்கு நிரந்தர வேலையாம்.

எனக்குப் புல்லரித்தது. தண்ணீர் மிச்சம் பிடிப்பதை எனக்கா சொல்லித் தர வேண்டும்? ஒரு வாளித் தண்ணீரில் நாங்கள் தலைக்கும் ஊற்றி, உடுப்பும் அலசிவிடுவோமே! நேரே லா சப்பல் கடைக்குப் போய் என் கைக்காசில் சிவப்பு வாளிகள் வாங்கினேன். (பிளாஸ்டிக்தான். அதை ஏன் இப்போது கேட்கிறீர்கள்?)

"என்னக்கா, கலியாண வீடோ?" என்றார் கடைக்காரர்.

மறுநாள் மேல்மாடிக் குளியலறைகளில் அறைக்கொரு வாளி வைத்து, பாதிக்குத் தண்ணீர் நிரப்பி, குவளையையும் மிதக்க விட்டேன். விளக்கம் எதுவும் எழுதி வைக்கவில்லை. வாளியும் குவளையும் எதற்கென்று மனிதருக்கு விளங்காதா?

விளங்கவில்லை! வெளியே நல்ல மழை. வாளியைக் கண்டவர்களெல்லாம் கூரை ஒழுகுகிறது என்று வரவேற்பறைக்கு ஓடினார்கள். ஒரு கிழவர் குடையை விரித்தபடியே இறங்கி வந்தார். முதலாளி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பிளம்பரைத்தான் அழைத்தார். அந்த மனிதர் இல்லாத ஒழுக்கைத் தேடி உட்கூரையை இடித்து, நன்றாயிருந்த குழாயையும் உடைத்தார். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அப்போது எல்லாரும் ஓடிப்போய் எடுத்தது எதை? என் வாளிகளை!

எங்கள் மேற்பார்வையாளர் ஒரு பாண்டிச்சேரி அம்மா.

"யாரும்மா பாத்ரூம்ல இதெல்லாம் வெச்சது?"

"நான்தான் மதாம். குளிக்கிறதுக்கு."

"குளிக்கவா? மோன் தியே, கடவுளே! முதலாளிகிட்ட இதை நான் எந்த வாயால சொல்றது?"

எந்த வாயாலோ சொல்லிவிட்டார். என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. கொட்டிய தண்ணீருக்கெல்லாம் நான்தான் காரணமாம்! உடைத்த பிளம்பருக்குக் கூலி கொடுத்து, கைகுலுக்கி அனுப்பினார்கள். நிரந்தர வேலையோ, சுவரில் 'நீரே உயிர்' என்று படம் ஒட்டியவருக்குப் போனது.

இப்போது வேறு ஹோட்டலில் இருக்கிறேன். சார்செலில் இருக்கும் எங்கள் வீட்டில் நான் வாளியில்தான் குளிப்பேன், யாருக்காகவும் மாற்றமாட்டேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதும் மகள் கதவைத் தட்டுவாள்.

"மமோ, பிளம்பரைக் கூப்பிடட்டா?"

"கூப்பிடு! அந்தாளைத்தான் நானும் தேடிக்கொண்டிருக்கிறன்!"