குறைத்துச் சொன்ன வயது

"வயசு எத்ரயாயி சேச்சி?" என்று கேட்டாள் சித்தூர் ஆஸ்பத்திரியின் மலையாள நர்ஸ் ரிஞ்சு.

யோகப்பிரியா பக்கத்தில் இருந்த மாமியார் பழனாத்தாளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "இருபத்தொன்பதுங்க."

உண்மையில் முப்பத்தேழு. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். அவள் வீட்டார் சிக்கனக்காரர்கள், ஒரே பொய்யில் முடித்தார்கள். ஜாதகத்தில் எட்டு வயதைக் கழித்து எருத்தேன்பதி கிராமத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

ரத்தம் எடுத்தபடியே ரிஞ்சு விளக்கினாள். வயிற்றில் வளரும் பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று இந்தச் சோதனை கணக்குப் போடும். தாயின் வயது ஏற ஏற வாய்ப்பும் கூடும், அதனால் வயதும் கணக்கில் சேரும்.

பயமில்லை என்று முடிவு வந்தது. பழனாத்தாள் சந்தோஷத்தில் இனிப்புக் கச்சாயம் சுட்டாள். மருமகள் அதைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்தாள். வந்தது யாரோ இருபத்தொன்பது வயதுக்காரியின் முடிவல்லவா? எப்படிப் பிறந்தாலும் அவள் பிள்ளைதான். ஆனால் முன்னமே தெரிந்தால் மனதைத் தயார் செய்துகொள்ளலாமே என்று தவித்தாள்.

கெட்ட கனவு வந்தது, இன்னொரு முறை சோதிக்கலாம் என்று கணவன் பூபதிராஜாவிடம் சொன்னாள். அவன் அம்மாவிடம் சொன்னான். அம்மா மந்திரித்த கயிற்றைக் கட்டி, அமாவாசை கழியும்வரை வாசல் தாண்டக் கூடாது என்றுவிட்டாள்.

அடுத்து யோகப்பிரியா ரிஞ்சுவுக்குப் போன் செய்து, முப்பத்தேழு வயதுத் தோழி ஒருத்தி இதே சோதனைக்கு வயதைக் குறைத்துச் சொல்லிவிட்டாள் என்றாள். பெயர் கேட்டதும் தமிழ்ப்ரியா என்று வாயில் வந்தது. தோழியை உடனே கூட்டிவரச் சொன்ன ரிஞ்சு, நல்ல பெண், விடாமல் கூப்பிட்டு விசாரித்தாள். ஒருநாள் போனை எடுத்தது பழனாத்தாள். தோழியின் கதையைக் கேட்டுக்கொண்டு மருமகளிடம் வந்தாள்.

"பாவம், அந்தப் புள்ளைக்கு நானும் வேண்டிக்கறேன். நீ இந்தப் பேச்சை உட்று அம்மிணி" என்று சொல்லி, போனை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அன்றிலிருந்து, பிறக்கவே பிறக்காத தமிழ்ப்ரியாவுக்காக வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு எரிந்தது.

அடுத்த முறை சித்தூருக்குப் போனபோது யோகப்பிரியாவால் தாங்க முடியவில்லை. எல்லார் முன்னாலும் அழுது உண்மையைக் கொட்டிவிட்டாள். ரிஞ்சுவின் முகம் வாடியது.

"அந்த டெஸ்ட்டுக்கு உள்ள சமயம் கழிஞ்சு போயி சேச்சி" என்றாள் மெல்ல. இனி பெரிய ஆஸ்பத்திரியில்தான் கேட்க வேண்டுமாம்.

யோகப்பிரியா மாமியார் காலில் விழுந்தாள். வயிற்றுப் பிள்ளைக்குத் தானே துரோகம் செய்துவிட்டதாகக் குமுறினாள். பழனாத்தாள் நிமிரவே இல்லை.

எப்போதும் பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் பின்னால் வரும் மாமனார் காளிச்சாமிதான் தொண்டையைச் செருமினார்.

"உன்ற வயசு எங்களுக்குக் கல்யாணத்தப்பவே தெரியும் அம்மிணி, அதக் கெளப்புனா நாங்க பையனுக்குப் பத்து வருசம் கொறச்சதும் வெளிய வந்துருமேன்னுதான் உங்க அத்தை வாயத் தொறக்கல."