நீலமாகிப் போன துணி

"அத்தை, பால்கனி நாற்காலியில ஒரு சின்னத் துணி காயப்போட்டிருந்தேனே, பாத்தீங்களா?"

"அதுவா? அழுக்கா கிடந்துச்சு. சோப்பு போட்டுக் கசக்கிட்டேன்மா" என்று மாமியார் உள்ளங்கையகல நீலத் துணி ஒன்றை நீட்டினாள்.

மருமகள் காயப்போட்டது கரும்பச்சை. மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்கையும் கண்ணுக்குத் தெரியாத கரித்துகளையும் கலந்து, கார்பன் துணியில் பூசியது. பேட்டரி போல மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும். முன்பு பூசியதெல்லாம் மடித்த மாத்திரத்தில் விரிசல் விட்டது. இது ஒன்றுதான் தேறும் போலிருந்தது. நாளை காலை இதை மடித்துக் காட்டாவிட்டால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிடலாம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

அந்தப் பூச்சு பச்சையாக இருக்கும்வரைதான் உயிர். சோப்புப் பட்டால் நீலமாகிவிடும், மின்சாரம் ஏறாது. புளிப்புக் காட்டினால் பச்சைக்குத் திரும்பும். இவ்வளவும் தெரிந்து வைத்திருந்ததுதான் அவளுடைய கெட்ட நேரம்.

"எதையும் தொடாம உங்களால இருக்கவே முடியாதா அத்தை?"

வார்த்தை வாயை விட்டுப் போய்விட்டது. புளிப்பில் ஊறினால் பச்சை திரும்பும் என்று அவள் சொன்னதும், மாமியார் எலுமிச்சம்பழங்களை எடுத்துவந்து பிழிய உட்கார்ந்தாள்.

"என் கண்ணாடி தொடைக்கிற துணி எங்க?" என்று கூடத்திலிருந்து மாமனார் கேட்டார்.

"இப்ப அதுதான் குறைச்சல்" என்றாள் மாமியார்.

எலுமிச்சைச் சாற்றில் ஊறியும் துணி நீலமாகவே இருந்தது. வினிகரை ஊற்றினார்கள். சமையலறை முழுக்க நெடி ஏறியதே தவிர, பச்சை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்ரூம் கழுவுற ஆசிட் இருக்கு. புளிப்புன்னா அதைவிடப் புளிப்பு எது?" மாமியார் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

வேறு நாளாக இருந்தால் மருமகள் சிரித்திருப்பாள். இன்று கையுறை மாட்டிக்கொண்டு ஆசிட்டில் முக்கினாள். சீக்கிரம் காயட்டும் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாள். எடுத்தபோது துணியில் வரிசையாகக் கருகிய ஓட்டைகள். கார்பன் துணி இப்படிக் கருகாதே என்று மனதின் ஒரு மூலை முணுமுணுத்தது. அதைக் கேட்கும் நிலையில் அவள் இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"விடுங்க அத்தை. வீட்டுக்குக் கொண்டுவந்தது என் தப்பு. உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"பேசினா பேசிட்டுப் போற. ஆனா இத்தனை வருஷமா என்ன செய்யிறேன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா, அது பக்கமே போயிருக்க மாட்டேனே."

சொல்ல வேண்டும் என்று மருமகளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மாமனார் சமையலறை வாசலில் வந்து நின்றார். ஓட்டை விழுந்த நீலத் துணியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து எட்டாக மடித்த கரும்பச்சைத் துணி ஒன்றை எடுத்து உதறினார்.

"அப்ப நேத்து பால்கனியில நான் மாத்தி எடுத்தது யாரு துணி? மடிச்சு வச்சு அது மேலயே படுத்துத் தூங்கியிருக்கேன், ஒரு விரிசல்கூட விழல; கண்ணாடிதான் சுத்தமாகவே மாட்டேங்குது."