சாமியாரின் பித்தளை வளையம்

கல்யாணமான புதிதில் நடந்த பேச்சு அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

"மாசாமாசம் உனக்கு மட்டும் ஏன் இந்தத் தலைவலி?" என்று கணவன் கேட்டான்.

"விலக்காகறதுக்கு முன்னால வருதுங்க. ரெண்டு மூணு நாள்ல தானா போயிடுது. அதான்..."

"அப்ப யாரோ கண்ணு வச்சிருக்காங்க."

'அதான்' என்பதற்குப் பின்னால் இருந்ததை அவள் விழுங்கிவிட்டாள். அவன் கெட்டவனில்லை. வலி வந்தால் ஜன்னலைச் சாத்துவான், காபி போடுவான், வளையச் சாமியாரிடம் அழைத்துப் போவான்.

அங்கே எள் போட்டால் எள் விழாது. ஆளுக்கொரு தலையைப் பிடித்தபடி பெண்கள் காத்திருப்பார்கள். சாமியார் பித்தளை வளையத்தை ஊதி, கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டி, மூன்று நாளில் வலி ஓடிவிடும் என்பார். ஓடும். சும்மா இருந்தாலும் ஓடுகிற வலியாயிற்றே! மறுமாதம் வந்தால் வளையத்தில் சக்தி தீர்ந்துவிட்டதாம். புதிது வாங்க வேண்டும். அருளுக்கும் மாதத் தவணை.

அவளும் மூத்த நாத்தனாரும் வீட்டு முன்னறையில் திரைச்சீலை தைத்து விற்றார்கள். ஒருநாள் நாத்தனார் அந்த வளையத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது நம்ம டப்பாவுல கிடக்கற திரைச்சீலை வளையமாச்சே. ஹார்மோன் இறங்கறப்போ வர்ற வலிடி இது. எனக்கும் இருந்துச்சு. எந்தெந்த நாள் வருதுன்னு கேட்டுட்டுத்தான் டாக்டர் மருந்து கொடுத்தாங்க."

"உங்க தம்பி நம்பணுமே, அண்ணி."

அந்த மாதம் சாமியாரின் வளையத்தைக் கழற்றிவிட்டு, திரைச்சீலை வளையத்தைக் கட்டிக்கொண்டாள். வலி வழக்கம்போல வந்தது, வழக்கம்போலப் போனது. விஷயம் தெரியாத கணவன் சாமியாரைப் புகழ்ந்தான்.

அடுத்த முறை மூவருமாகப் போனார்கள். நாத்தனார் ஒரு தட்டு நிறைய வளையங்களை நீட்டினாள்.

"இதுல ஒண்ணு நீங்க ஊதினது சாமி. எதுன்னு எடுத்துக் கொடுங்க."

கூட்டமே பார்த்தது. மறுக்க வழியில்லை. சாமியார் கண்ணை மூடி, முணுமுணுத்து, ஒன்றை உயர்த்தினார். கை சுடுகிறது என்றார்.

நாத்தனார் அதை வாங்கித் திருப்பினாள். "உங்களுதுக்கு உள்பக்கம் நகப்பூச்சு தடவியிருக்கேன். இதுல இல்லையே. இது எங்க குளியலறை ஜன்னல்ல தொங்கினது சாமி."

சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்வரிசைக்கு வந்தது. சாமியாருக்கு அன்றுதான் நிஜமாகவே தலை வலித்திருக்கும். பெண்கள் கயிறுகளை அறுத்துத் தட்டில் போட்டார்கள். தலை என்பது பிடித்துக்கொள்ள மட்டுமல்ல, யோசிக்கவும்தான் என்பது சிலருக்காவது உறைத்திருந்தால் சரி.

வாசலில் கணவன் தரையைப் பார்த்தபடி நின்றான். இனி என்ன செய்வது என்று மெல்லக் கேட்டான்.

அவள் இம்முறை விழுங்கவில்லை.

"என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அன்னிக்கே இதைத்தான் கேட்க வந்தேன்."