மச்சினன் பெட்டியில் நாலு ஷாக் அப்சார்பர்

மெக்கானிக் எல்லாரும் கள்ளன், நான் ஒருத்தன்தான் கணக்கு தெரிந்தவன் என்று நம்பித் திரிந்த காலம் ஒன்று எனக்கு இருந்தது. (மூளை இருந்ததாகத் தகவல் இல்லை.)

2009 வாக்கில், என் பழைய கார் ஒரு குழியில் இறங்கினால் அடுத்த குழி வரை ஆடிக்கொண்டே போகும். ஒர்க் ஷாப்காரர் பானெட்டை ஓர் அழுத்து அழுத்திவிட்டுச் சொன்னார்: "நாலு ஷாக் அப்சார்பரும் போச்சு அண்ணாச்சி. ஒண்ணிச்சு மாத்தணும். கூலியோட பன்னெண்டாயிரம் ஆவும்."

நான் சிரித்தேன். அந்த ஏளனச் சிரிப்பை இன்று கண்ணாடியில் பார்த்தால் நானே அறைந்துவிடுவேன். வீட்டுக்கு வந்து சொந்தமாக ஒரு எஸ்டிமேட் போட்டேன். மச்சினன் துபாயிலிருந்து தன் கல்யாணத்துக்கு வருகிறான். அங்கே இதே சாமான் பாதி விலை. கொண்டுவரும் செலவு பூஜ்யம். போனைப் போட்டேன்.

"அத்தான், பெட்டி நெறய பொண்ணு வீட்டுக்குக் குடுக்கதுக்குள்ள சாமானாக்கும். எடை கூடிரும்."

"செண்டும் சோப்பும் வடசேரிச் சந்தையில கெடைக்கும் மக்கா. இது கெடைக்குமா?"

அக்கா வீட்டுக்காரன் சொல்லைத் தட்டக் கூடாதென்று, செண்டையும் போர்வையையும் அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறான், பாவி.

வந்திறங்கிய அன்று சாயங்காலமே பெண் வீட்டார் பார்க்க வந்துவிட்டார்கள். கல்ஃப் பெட்டி நடுவீட்டில் கிடந்தால், அதைக் கட்டிய கயிற்றை அறுக்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் காப்பி குடிக்க மாட்டார்கள். பெண்ணின் மாமா கையை விட்டு ஒன்றை வெளியே உருவினார்.

"இது என்ன சாதனம் மாப்பிளே?"

"அத்தானுக்க வண்டிக்கு..."

"எங்க பிள்ளைக்கு?"

மச்சினன் பெட்டிக்குள் துழாவினான். பெட்டியின் மூலையில் ஒரேயொரு சோப்பு தப்பியிருந்தது. அதை எடுத்து மாமாவிடம் நீட்டியவன் நான்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். "நாங்க யோசிச்சுச் சொல்லுதோம்."

என் மனைவி ராத்திரி சோறு போடவில்லை. "எந்தம்பிக்க கல்யாணம் முடங்கிச்சுன்னா, நீங்க அந்த இரும்பையே கெட்டிப்பிடிச்சுக் கெடந்துக்கிடுங்க" என்றாள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கக் காரில் போனேன். பெண் வீட்டு முற்றத்தில் பிரேக் போட்டேன். கார் நின்றது; ஆட்டம் நிற்கவில்லை. உள்ளே நானும் தலையாட்டிப் பொம்மைபோல மாமாவைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே ஆடினேன். ஜன்னலில் நின்ற பெண் சிரித்துவிட்டாள். மாமாவும் வாயைப் பொத்திக்கொண்டார். "பாவம், இந்த வண்டிக்கு இரும்பு வேணும்தான்."

கல்யாணம் நடந்தது. இரும்புதான் சேரவில்லை. "இது வேற மாடலுக்குள்ளது அண்ணாச்சி" என்றார் ஒர்க் ஷாப்காரர். அதே பன்னிரண்டாயிரத்தை இந்த முறை சிரிக்காமல் எண்ணிக் கொடுத்தேன்.

இன்றைக்கும் மச்சினன் லீவில் வந்தால், பெட்டிக் கயிற்றை அறுக்கும் முன் அவன் மனைவி கேட்பாள்: "அத்தானுக்க இரும்பு கொண்டு வந்தியளா?"

துபாயிலிருந்து வந்த அந்த நாலும் இப்போது அவள் வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கால். கோழிகளுக்கு ஆட்டமே இல்லையாம்.